கேட்டலுக்குப் பூச்சியம் போட்ட ஆசிரியை எழுதும் திறந்த மடல்

மதிப்புக்குரிய கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

பட்டிருப்பு வலயத்தில், பெரும்பாலும் படுவான்கரைப் பாடசாலைகளில், இருபத்தொன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்று இப்போது களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கு நமது வகுப்பறைகளில் ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, எப்படிப் புள்ளியிடப்படுகிறது என்பது பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். நான் கண்ட வரையில் இவ்விடயத்தில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, கேட்டல் பகுதிக்குப் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையின் பெயருக்குப் போவது. மற்றது, “பாவம், அதுக்கு இங்கிலீசு எதுக்கு” என்று சொல்லி ஆங்கிலப் பாடவேளையில் அந்தப் பிள்ளையை நூலகத்துக்கோ தையல் அறைக்கோ அனுப்பிவிடுவது. முதலாவதை நானே பல ஆண்டுகள் செய்தேன். இரண்டாவது நடந்தபோது பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பூச்சியமும் வேண்டாம், விலக்கும் வேண்டாம், அதே ஆங்கில அறிவைக் கண்ணால் அளக்கும் மாற்றுக் கணிப்பீடு ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்குரிய சுற்றறிக்கையை அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன்னரே நீங்கள் வெளியிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் கற்பித்த தரம் 8 வகுப்பில் ஒரு மாணவி முன்வாங்கில் இருப்பாள். வலது காதின் பின்னால் தோல் நிறத்தில் ஒரு காது மிசின் இருக்கும், இடது காதில் ஒன்றும் இராது. சொல்வதெழுதுதல் வைக்கும்போது நான் வகுப்பின் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வாசிப்பது வழக்கம், ஏனெனில் பிள்ளைகள் பார்த்தெழுதாமல் கவனிப்பதற்கு அதுவே வசதி. நான் பின்வரிசைக்குப் போனதும் அவள் பேனையைக் கீழே வைத்துவிடுவாள், திரும்பி வந்ததும் எடுப்பாள். பத்துச் சொற்களில் ஐந்து எழுதியிருப்பாள். அந்த ஐந்தும் நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, வகுப்பைப் பார்த்து வாசித்த சொற்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு தவணைகள் எடுத்தன. அதுவரை அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் “கவனக்குறைவு” என்றே எழுதிவந்தேன். அவள் வகுப்பிலேயே மிகக் கூர்ந்து கவனித்த பிள்ளை என்பதை இப்போது சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

அந்த ஆண்டு மார்கழி விடுமுறையில் அவளுடைய அப்பியாசக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பிழைகள் தாறுமாறாக இல்லை, ஒரே ஒழுங்கில் இருந்தன. பன்மைச் சொற்களில் இறுதி எஸ் எழுத்து இல்லை. ‘அவள் போகிறாள்’ போன்ற வாக்கியங்களில் வினைக்குப் பின்னால் வரவேண்டிய எஸ் இல்லை. ‘அப்பாவின்’ என்று உடைமை சொல்லும் இடத்திலும் அது இல்லை. இறந்தகாலத்தில் ‘நடந்தாள்’ என்று சொல்லும் ‘வோக்ட்’ என்ற சொல்லை ‘வோக்’ என்றே எழுதியிருந்தாள். ஆனால் ‘வென்ட்’, ‘கேம்’ போன்ற ஒழுங்கற்ற வினைகளில், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தடுமாறும் இடத்தில், அவள் ஒரு பிழையும் விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்த நான் அதற்குக் காரணம் தேடியது அன்றுதான்.

காரணம் அவளுடைய தாய் பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த கேட்டல் வரைபடத்தில் இருந்தது. தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கான இடப்பக்கத்தில் கோடு மேலே தொடங்கி, 2000 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் தோணித்துறைப் படிபோலச் சரசரவென்று கீழே இறங்கியது. கோடு இறங்க இறங்கக் கேட்டல் குறைகிறது என்று பொருள். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. எஸ், எஃப் போன்ற ஒலிகளோ 4000 ஹேர்ட்ஸுக்கு அண்மையிலும் அதற்கு மேலும், அதுவும் மிக மெல்லிய வலுவில், ஒரு மூச்சுக் காற்றாகக் கேட்கின்றன. ஆகவே அவளுக்குக் குரல் கேட்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் சொல்லின் வால் கேட்காது. ஆங்கிலம் தன் இலக்கணத்தில் பாதியை அந்த வாலில்தான் கட்டி வைத்திருக்கிறது. ‘வோக்’, ‘வோக்ஸ்’, ‘வோக்ட்’ மூன்றும் அவள் காதில் ஒரே சொல். ‘வென்ட்’ என்பதில் சொல்லின் உடலே மாறிவிடுவதால் அதைத் தவறவிடவில்லை.

தமிழ் இந்த வகையில் அந்தப் பிள்ளைக்கு இரக்கம் காட்டும் மொழி. ‘படிக்கிறாள்’, ‘படித்தாள்’, ‘படிப்பாள்’ என்று காலம் மாறும்போது சொல்லின் நடுவில் ஓர் அசையே மாறுகிறது. பன்மைக்கு வரும் ‘கள்’ தனக்கென்று ஓர் உயிரொலியைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது நெடில் உயிரோடு சேர்ந்து முடிகிறது. எனவே நடுத்தர அளவில் கேட்டல் குறைந்த ஒரு பிள்ளை தமிழ்ப் பாடத்தில் ஓரளவு சமாளித்துவிடும், வீட்டிலும் கடையிலும் பேசிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் விழும். விழுந்ததும் நாங்கள் சொல்வது என்ன? “தமிழ் நல்லா வருது, இங்கிலீசுதான் மண்டைக்குள்ள ஏறுதில்லை.” சில ஆசிரியர்கள் ‘மொக்கு’ என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மற்றப் பாடங்களில் நன்றாக இருந்து ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் சொல்லின் இறுதிகளில் மட்டும் தவறும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் செவிப்பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர்களுக்கு ஒரு வரி எழுதினாலே போதும், பல பிள்ளைகள் முன்கூட்டியே பிடிபடுவார்கள். குளத்திலும் வாவியிலும் குளித்துக் காது வடிந்துகொண்டே வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை.

உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்வோர் உண்டு. கண்ணாடி முன் நின்று பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ‘பெரிய’ என்பதைக் குறிக்கும் சொல்லையும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடே தெரியாது. அதற்கு மேல், எங்கள் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் தலைமேல் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் அவர்கள் எழுதுவது ‘பிக்’ என்பதுதான். காது கேட்கும் பிள்ளைக்கு வல்லினத்தின் இரண்டு ஒலிகளையும் காது பிரித்துக் கொடுக்கிறது. கேளாத பிள்ளைக்கு உதடும் உதவவில்லை, தமிழ் எழுத்தும் உதவவில்லை. ஆகவே செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பதை நிறுத்தி, படத்தோடும் வாக்கியத்தோடும் ஆங்கில எழுத்துருவையே நேரடியாகக் கொடுப்பதுதான் முறை. அந்த மாணவிக்குப் பிற்பாடு நான் செய்தது மிக எளிய காரியம். சொல்லின் இறுதி எழுத்துகளைச் சிவப்புச் சோக்கால் எழுதினேன். காதுக்குப் போகாத எஸ் கண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். ஒரே தவணையில் பன்மைப் பிழைகள் பாதியாகக் குறைந்தன. வினைக்குப் பின் வரும் எஸ் அவ்வளவு இலகுவில் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

காது மிசின் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு எண்ணம். மிசின் ஒலியைப் பெருக்கும். ஆசிரியரின் குரலோடு பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் மின்விசிறியையும் சேர்த்தே பெருக்கும். சாதாரணப் பேச்சு ஒரு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் 6 டெசிபல் குறைகிறது. அரைச்சுவர் வகுப்புகளில் நான்காவது வரிசைக்குப் போகும்போது குரலில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டல் குறைந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தை விடக் குறைந்தது 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று செவிப்புலன் துறையினர் சொல்கிறார்கள். வடகீழ்ப் பருவ மழையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து படித்தவர்களுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாம் தவணைப் பரீட்சை வருவதும் பெரும்பாலும் அந்த மழைக் காலத்தை ஒட்டித்தான்.

பற்றரி வேறு இருக்கிறது. இந்த மிசின்களில் போடும் பொத்தான் பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்குகிறது, பின்னர் நிறுத்தி வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அந்த மாணவி ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும் மிசினைப் போட்டுக்கொள்வதாகவும், மற்ற நேரங்களில் நிறுத்தி வைத்தால் பற்றரி மிஞ்சும் என்று அப்பா சொன்னதாகவும் ஒருநாள் என்னிடம் எழுதிக் காட்டினாள். அப்படிச் சேமித்த கேட்டலை என் பாடத்துக்குக் கொண்டுவந்த பிள்ளைக்குத்தான் நான் பூச்சியம் போட்டிருந்தேன்.

இனிப் பரீட்சை விடயத்துக்கு வருகிறேன். நான் கற்பித்த காலம் முழுவதும் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பாடத்தின் இரண்டு வினாத்தாள்களும் எழுத்து வினாத்தாள்களாகவே இருந்தன. வாசித்து விளங்குவதும், எழுதுவதும், இலக்கணமும் கேட்கப்பட்டன. பொதுப் பரீட்சையே காதைச் சோதிக்காதபோது, அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் வகுப்பறை பாடசாலை மட்டக் கணிப்பீட்டிலும் தவணைப் பரீட்சையிலும் காதைச் சோதித்து, “இவளுக்கு ஆங்கிலம் வராது” என்று தரம் 8இலேயே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை முதலில் நம்புவது பிள்ளைதான். நான் பார்த்த செவிப்புலன் குறைந்த மாணவர்கள் தரம் 9, 10க்கு வரும்போது ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பதையே விட்டிருந்தார்கள். வாசித்திருந்தால் சித்தியடையக் கூடிய பாடத்தைக் கேட்க முடியவில்லை என்பதற்காகக் கைவிட்டவர்கள் அவர்கள்.

மற்ற நாடுகளில் இது புதிய சிக்கல் அன்று. பிரித்தானியப் பாடசாலைப் பரீட்சைகளில் பிறமொழிப் பாடங்களின் கேட்டல் பகுதி ஒலிப்பதிவில் வரும்போது, செவிப்புலன் குறைந்த மாணவருக்கு ஒலிநாடாவுக்குப் பதிலாக ஒருவர் முன்னால் அமர்ந்து, அதே உரையை உதடு தெரிய வாசிக்கும் ஏற்பாடு விதிகளிலேயே உள்ளது. கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சைகளிலும் உதடு பார்த்து விடையளிப்போருக்கென்று தனியான கேட்டல் பதிப்பு இருக்கிறது. கடும் குறைபாடு உள்ளோர் கேட்டல் பகுதியிலிருந்து விலக்குக் கேட்கவும் முடியும், ஆனால் அப்போதும் மற்றப் பகுதிகளை எழுதிச் சான்றிதழ் பெறுகிறார்கள், யாரும் அவர்களை ஆங்கிலத்திலிருந்தே விலக்குவதில்லை. போலந்தில் லூப்ளின் நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் காது கேளாத மாணவர்களுக்கென்றே ஆங்கில வகுப்புகளை நடத்திவருகிறது. எங்களைப் போலவே அவர்களுக்கும் ஆங்கிலம் அயல்மொழி. இவற்றில் எதற்கும் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. அமைதியான ஓர் அறை, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஒரு நாற்காலி, நிதானமாக வாசிக்கும் ஓர் ஆசிரியர், இவ்வளவே முதல் தேவை. வெளிச்சம் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் முகம் இருண்டுவிடும் என்பதையும் சுற்றறிக்கையில் எழுத வேண்டும். சின்ன விடயம்தான், ஆனால் எங்கள் வகுப்பறைகளில் ஆசிரியரின் மேசை பல இடங்களில் யன்னலுக்கு முன்னால்தான் கிடக்கிறது.

உதடு பார்ப்பதாலும் பயனில்லாத, முழுமையாகக் கேளாத பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை தெரியாது, பேச்சு எட்டாது. பாடசாலைக்கு வந்த பின்னரே ஒரு முழுமையான முதல்மொழி அவர்களுக்குக் கிடைக்கிறது, அது சைகைமொழி. தமிழே அவர்களுக்கு இரண்டாம் மொழி. அதற்கு மேல் ஆங்கிலம், அதற்கு மேல் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம். இந்தச் சுமையைப் பார்த்துத்தான் நல்ல மனமுள்ள அதிபர்களும் விசேட கல்வி ஆசிரியர்களும் முதலில் ஆங்கிலத்தை இறக்கிவைக்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கைப்பேசியில் வரும் அறிவித்தல், மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்து, வங்கி இயந்திரத்தின் திரை, ஆடைத் தொழிற்சாலையின் கட்டளைத் தாள் ஆகியவற்றை மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கேளாதவருக்குக் கண்ணால் வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கில எழுத்து மற்றவர்களைவிட அவர்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. கல்முனைப் பக்கம் போனால் கொரிய மொழி வகுப்புகளின் விளம்பரப் பலகைகளைப் பார்க்கலாம். கொரியாவில் வேலைக்குப் போவதற்கான அந்த மொழிப் பரீட்சையில் வாசிப்புக்குச் சமமாகக் கேட்டலும் உண்டு. அந்தக் கதவு இவர்களுக்கு ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. வாசித்தே திறக்கக்கூடிய ஆங்கிலக் கதவையும் நாம் ஏன் சாத்த வேண்டும்?

சைகைமொழி என்றால் பேச்சுமொழியைக் கையால் பெயர்ப்பது என்று எங்கள் ஆசிரியர்களில் பலர் எண்ணுகிறார்கள். பிரித்தானியரும் அமெரிக்கரும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இரு நாட்டுச் சைகைமொழிகளும் வேறு வேறு. அமெரிக்கச் சைகைமொழி 1817இல் ஹார்ட்ஃபோர்ட்டில் தொடங்கிய பாடசாலை வழியாகப் பிரெஞ்சுச் சைகைமொழியிலிருந்து கிளைத்தது. விரலால் எழுத்துக் காட்டும் முறையில்கூட அமெரிக்கர் ஒரு கையையும் பிரித்தானியர் இரு கைகளையும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே சைகைக்கு இலக்கணம் உண்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதும் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே. அதற்குச் சைகை தெரிந்த ஓர் ஆளாவது ஆங்கில வகுப்பில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறுக்கும் உரிய விரல் வடிவங்களை ஒரு நாளில் பழகிவிடலாம். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளில் ஆங்கிலம் பயிலும் ஆசிரிய மாணவர்களுக்கு அதைக் கற்பிக்க, எங்கள் பகுதியில் வாழும் காது கேளாத பெரியவர்களையே அழைக்கலாம். சைகைகள் பாடசாலைக்குப் பாடசாலை மாறுவதால், வெளியூர் காணொளியைப் பார்த்துப் பழகுவதைவிட அவர்களிடம் கற்பதே மேல்.

கைப்பேசி பற்றியும் ஒரு சொல். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலியைக் கூகுள் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. ஆங்கிலத்தோடு தமிழிலும் அது இயங்குகிறது. ஆசிரியரின் கைப்பேசியை மேசையில் வைத்து அந்தப் பிள்ளை திரையைப் பார்க்க அனுமதிக்கலாம். எங்கள் உச்சரிப்பை அது சில வேளைகளில் வேடிக்கையாகத் திரித்து எழுதும். அதனால் அதையே நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பாடசாலைக்குள் கைப்பேசி கூடாது என்ற பொது விதி இந்தப் பிள்ளைகளின் முகத்திலும் சாத்தப்படுவது நியாயமில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததன்று. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, காது கேளாத பிள்ளைகளுக்கு அவரவருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் வழியிலும் கல்வி கிடைக்க வேண்டும் என்கிறது. பாடசாலையில் சேர்த்துவிட்டு ஆங்கிலப் பாடவேளையில் வெளியே அனுப்புவது இவற்றுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் சட்டப் பிரிவிடமே கேட்டுப் பார்க்கலாம்.

நான் கேட்பவை இவை. செவிப்புலன் குறைந்த பிள்ளையின் கேட்டல் வரைபடத்தின் பிரதி ஒன்று வகுப்பாசிரியரிடம் மட்டுமன்றி ஆங்கில ஆசிரியரிடமும் இருக்க வேண்டும், அதை வாசிக்கத் தெரிந்த ஆசிரிய ஆலோசகர் ஒருவராவது ஒவ்வொரு வலயத்திலும் வேண்டும். கேட்டல் கணிப்பீட்டில் ஒலிப்பதிவுக்குப் பதிலாக நேர்முக வாசிப்பு, அதுவும் முடியாத பிள்ளைக்கு அதே உரையை வாசித்து விடையளிக்கும் வினாத்தாள், சொல்வதெழுதுதலுக்குப் பதிலாகப் படம் பார்த்தெழுதுதல் என்பவை சலுகையாக அல்லாமல் முறையாக எழுதப்பட வேண்டும். பெற்றோர் எழுத்தில் கேட்டாலன்றி எந்தப் பிள்ளையையும் ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கக் கூடாது. அப்படி நீக்கக் கோரும் பெற்றோருக்கும், நீக்கினால் பின்னர் என்னென்ன இழக்க நேரிடும் என்பதை முதலில் விளக்க வேண்டும்.

நேர்முக வாசிப்புக்கு ஆள் இல்லை என்று ஒரு பாடசாலை சொல்லுமானால் என்னைக் கூப்பிடுங்கள். பட்டிருப்பிலிருந்து கல்முனை வரை பஸ் ஏறி வர என்னால் இன்னும் முடியும். இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், உரையை வாங்கி வாசித்துப் பழகிக்கொண்டு வருவேன், இம்முறை ஒரே இடத்தில் இருந்து வாசிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்
களுவாஞ்சிகுடி